ஆட்டிசம்: எங்கே பரிசோதிப்பது, எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

"ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்." வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் இந்த ஒரு வரியை நம்பியே பல குடும்பங்களில் ஒரு வருடம் ஓடிவிடுகிறது. அதன் பிறகு ஆட்டிசம், அதாவது பேச்சும் பிறரோடு பழகும் விதமும் மாறுபட்டிருக்கும் வளர்ச்சிநிலை என்று தெரியவரும்போது எல்லாம் அவசரம். எந்த டாக்டர், எந்த சர்டிஃபிகேட், எந்தப் பள்ளி என்று ஒரே நேரத்தில் முடிவெடுக்க வேண்டிய நெருக்கடி. தமிழ்நாட்டில் நம் முன் இருக்கும் வழிகளை மட்டும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதல் கட்டத்துக்குச் செலவே இல்லை. ஆட்டிச அறிகுறிகள் உண்டா என்று பெற்றோரே பார்க்க உதவும் எம்-சாட் என்ற 20 கேள்விப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. அறையின் மறுகோடியில் இருக்கும் ஒரு பொருளை நீங்கள் விரலால் சுட்டிக்காட்டினால் குழந்தை அதைப் பார்க்கிறதா? இந்த மாதிரிக் கேள்விகள்தான். மதிப்பெண் கூடுதலாக வந்தால் ஆட்டிசம் என்று முடிவுகட்ட வேண்டாம், டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பதுதான் பொருள்.

சரி, எந்த டாக்டர்?

தனியாரில் குழந்தை வளர்ச்சி நிபுணர்கள் இருக்கும் பெரிய மையங்களில் ஏடாஸ் போன்ற சோதனைகள் செய்வார்கள். நிபுணர் குழந்தையோடு உட்கார்ந்து சோப்புக் குமிழி ஊதுவார், பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாடுவார். குமிழி நின்றதும் குழந்தை "இன்னும் ஊது" என்பதுபோல அவர் முகத்தைப் பார்க்கிறதா, அல்லது அவர் கையை மட்டும் பிடித்து டப்பாவிடம் இழுக்கிறதா என்று கவனித்துக் குறிப்பார். அறிக்கை விரிவாக வரும், தெரபிஸ்டுக்கு நன்றாகப் பயன்படும். ஆனால் செலவு அதிகம். அந்த அறிக்கையை வைத்து அரசு சலுகை எதையும் வாங்க முடியாது.

அரசு வழியில், 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து பார்க்கிறது. சந்தேகம் இருந்தால் மாவட்ட அளவிலுள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிப்மெட் நிறுவனமும் இருக்கிறது. இங்கெல்லாம் பயன்படுத்தும் ஐசா அளவுகோல் இந்தியாவிலேயே உருவானது. அதில் 40 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 மதிப்பெண். கூட்டுத்தொகை 70 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆட்டிசம். குறை என்றால் கூட்டம்தான். பத்து நிமிடத்தில் பார்த்து அனுப்பிவிட்டார்கள் என்ற புலம்பலைப் பெற்றோர் குழுக்களில் அடிக்கடி கேட்கலாம்.

என்னைக் கேட்டால், குழந்தைக்கு மூன்று வயதுக்குள் என்றால் யார் முதலில் தேதி கொடுக்கிறார்களோ அங்கே போங்கள். ஸ்பீச் தெரபியைத் தொடங்க எந்தச் சான்றிதழும் தேவையில்லை. ஆனால் ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்கு முன் அரசின் மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் யு.டி.ஐ.டி. என்ற தேசிய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். "பிள்ளைக்கு முத்திரை குத்துவானேன்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் ஏராளம். தள்ளிப்போடுவதால் வரும் நஷ்டம் அவர்களுக்குத்தான். தெரபி உள்ளிட்ட மருத்துவச் செலவுகளுக்கு ஆண்டுக்கு மொத்தம் 1 லட்சம் ரூபாய் வரை உதவும் நிராமயா என்ற அரசுக் காப்பீடு, வருமான வரியில் கழிவு என எல்லாமே அந்தச் சான்றிதழை நம்பித்தான் இருக்கின்றன.

பள்ளி விஷயம் இதைவிடச் சிக்கல். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. அருகிலுள்ள சாதாரணப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது நம் விருப்பம்.

அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்க முடியாது, கட்டணமும் இல்லை. வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வருவார். ஆனால் ஒருவரே பல பள்ளிகளைப் பார்ப்பதால், அவர் வராத நாட்களில் பிள்ளை கடைசி பெஞ்சில்தான். தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021-லேயே சொல்லிவிட்டது. வகுப்பறையில் அந்தக் கணக்கு இன்னும் வந்து சேரவில்லை.

தனியார் பள்ளி என்றால் பெரும்பாலும் வகுப்பில் பிள்ளையின் பக்கத்திலேயே உட்கார்ந்து உதவும் ஷேடோ டீச்சரை வைக்கச் சொல்வார்கள், சம்பளம் நம் தலையில். நல்லவர் அமைந்தால் பெரிய பலம். அமையாவிட்டால் பிள்ளையின் நோட்டைப் பாருங்கள்: பக்கம் பக்கமாக அழகான கையெழுத்து, எல்லாம் டீச்சருடையது. வகுப்பாசிரியரும் "அதான் அவங்க இருக்காங்களே" என்று இந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கவே மாட்டார்.

சிறப்புப் பள்ளியில் வகுப்பு சிறியது. படம் ஒட்டிய அட்டவணை, சொல்லத் தெரியாவிட்டாலும் அட்டையைக் காட்டித் தண்ணீர் கேட்கும் பழக்கம், கழிப்பறைப் பயிற்சி எல்லாம் பொறுமையாக நடக்கும். அங்கே கிடைக்காதது, சரளமாகப் பேசி விளையாடும் சக வயதுப் பிள்ளைகளின் துணை. அதனால் உடை, கழிப்பறை, உணவு போன்ற அன்றாட வேலைகள் இன்னும் பழகாத பிள்ளைக்கு முதலில் சிறப்புப் பள்ளி, பழகியபின் பக்கத்துத் தெரு சாதாரணப் பள்ளி என்பதே என் தேர்வு. இரண்டு மூன்று வருடம் கழித்து மாற்றுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது உள்கட்டமைப்பை விட்டுவிட்டு ஒன்றைக் கேளுங்கள்: மணி அடிக்கும்போதோ பிரேயரில் மைக் அலறும்போதோ பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு ஓடினால் என்ன செய்வீர்கள்? "அதெல்லாம் பழகிடும்" என்று பதில் வந்தால் அடுத்த பள்ளியைப் பார்க்கலாம்.

எட்டாம் வகுப்புக்கு மேல் பாடச்சுமை கழுத்தை நெரித்தால் வீட்டிலிருந்தே படித்துத் தேர்வெழுதும் என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. ஐந்து பாடங்கள் போதும், கணக்கு கட்டாயமில்லை, ஐந்து ஆண்டுகளுக்குள் ஒவ்வொன்றாக எழுதி முடிக்கலாம். பள்ளிக்கூட நண்பர்கள் இல்லாமல் போவதுதான் இதன் விலை. மாநிலப் பாடத்திட்டத்திலேயே தொடர்வதாக இருந்தால், பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக 1 மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகியவை கிடைக்கும். தலைமை ஆசிரியர் மூலம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், ஹால் டிக்கெட் வரும்வரை காத்திருக்காமல் பத்தாம் வகுப்பு தொடங்கியதுமே சான்றிதழ் நகலோடு அவரைப் போய்ப் பாருங்கள்.