மூன்று வருட ஃபிஷ்ஐ: லென்ஸ் தங்கம், மூடி சனியன்

போன வாரம் காட்பாடியிலிருந்து நண்பன் ஒருவன் கேட்டான். "மச்சி, அந்த 8 எம்எம் ஃபிஷ்ஐ செகண்ட் ஹேண்டுல விலை இறங்கியிருக்கு. ஸ்கேட்போர்டு படம் எடுக்கணும், வாங்கலாமா?" ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அதே வாரம்தான் என் லென்ஸ் ரிப்பேர் முடிந்து 6,800 ரூபாய் பில்லோடு வீடு வந்து சேர்ந்திருந்தது. சூடு இன்னும் ஆறவில்லை, அதனால் இந்த நீளம்.

கம்பெனிப் பெயர் சொல்லப் போவதில்லை. கேட்டவனுக்குத் தெரியும். ஃபிஷ்ஐ என்றால் மீன்கண் மாதிரி, எதிரில் இருப்பதையெல்லாம் வளைத்து ஒரே படத்துக்குள் அடக்குகிற லென்ஸ். இது க்ராப் சென்சார் (சின்ன சென்சார்) கேமராவுக்கானது, எஃப் 3.5, ஆட்டோஃபோகஸ் கிடையாது. மற்றதெல்லாம் பெட்டியில் எழுதியிருக்கிறது.

எனக்குச் சோறு போடுவது கல்யாணம். வேலூர், ஆற்காடு, குடியாத்தம், ஆம்பூர் என்று முகூர்த்த நாளெல்லாம் ஏதாவதொரு மண்டபத்தில்தான் விடியும். ஸ்கேட்போர்டு படம் மிச்ச நேரத்து வேலை. போட்டி என்றால் பெங்களூருக்கும் கோவளத்துக்கும் ஓடுவேன். ஸ்கேட்போர்டு சக்கரம் விற்கிற ஒருவர் என்னிடம் மூன்று படங்களுக்குக் காசு கொடுத்திருக்கிறார். இரண்டு டேங்க் பெட்ரோலுக்கு வந்தது. விசிட்டிங் கார்டில் 'புரொஃபஷனல்' என்று போட்டுக்கொள்ள அது போதாதா?

வேலூரில் எங்கே எடுக்கிறாய் என்று கேட்பவர்கள் எல்லோரும் அடுத்ததாகக் கோட்டையைக் காட்டுவார்கள். அது தொல்லியல் துறையின் இடம், ட்ரைபாட் விரிக்கவே அனுமதி வாங்க வேண்டும். வாங்கினாலும் அந்தக் கொத்திய கல்லில் 52 மில்லிமீட்டர் சக்கரம் நாலடி உருளாது. எங்கள் இடம் கல்யாண மண்டபம். மூன்று மணிக்கு மேல் கடைசிப் பந்தியும் எழுந்து, வாசல் வாழைமரம் சாய்ந்து, சமையல்காரர்கள் அண்டாவை வண்டியில் ஏற்றும் நேரம். வாசலில் பாலிஷ் போட்ட கிரானைட் படி ஐந்து, பக்கத்தில் சக்கர நாற்காலிக்கான சரிவு. மேனேஜர்கள் எல்லோரும் எனக்குப் பழக்கம் என்பதால் ஒரு மணி நேரம் கண்டுகொள்ளமாட்டார்கள். ஒருவர் மட்டும் கண்டுகொண்டார். ஸ்கேட் பையன் மெழுகுவர்த்தி தேய்த்துக் கிரைண்ட் அடித்த (போர்டின் அடிப்பக்கத்தை உரசிச் சறுக்கிய) கல் விளிம்பில், சக்கரத்தைப் பிடித்திருக்கும் ட்ரக்கின் அலுமினியம் சாம்பல் நிறத்தில் ஒரு முழத்துக்குக் கோடு இழுத்திருந்தது. "ஒலிம்பிக்ஸ்லயே இருக்கு சார், டோக்கியோவுல முதல் தடவையா சேர்த்தாங்க" என்றேன். "அப்போ அங்கேயே போய் ஆடச் சொல்லு" என்றார். அந்த மண்டபத்தில் இப்போது எனக்குக் கல்யாண ஆர்டரும் வருவதில்லை.

சரி, லென்ஸ். ஸ்கேட்காரர்கள் இந்த மீன்கண்ணுக்கு ஏன் உயிரை விடுகிறார்கள் என்பது முதல் நாளே புரிந்துவிடும். படிக்குக் கீழே, தரையோடு தரையாகக் குந்திக்கொண்டு, பையன் குதிக்கும்போது கண்ணாடிக்கும் போர்டுக்கும் நடுவே ஒரு முழம் விட்டு எடுக்க வேண்டும். போர்டு ஃபிரேமை அடைத்துக்கொண்டு வரும், பின்னால் மண்டபம் முழுக்கத் தோரணத்தோடு வளைந்து நிற்கும். ஆட்டோஃபோகஸ் இல்லையே என்று ஒருநாள்கூட நான் வருந்தியதில்லை. லென்ஸின் துவாரத்தை எஃப் 8-க்குச் சுருக்கி, ஃபோகஸை அரை மீட்டரில் நிறுத்தினால், ஒரு சாண் தூரத்திலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாமே பளிச்சென்று இருக்கும். வளையத்தில் அந்த இடத்தில் பச்சை இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். மூன்று வருடமாக அது நகரவில்லை.

ஃபிளாஷை மட்டும் ஜாக்கிரதையாக வைக்க வேண்டும். மூலைக்கு மூலை 180 டிகிரி பார்க்கிற கண் என்பதால் ஸ்டாண்டு, என் முட்டி, வாட்ச்மேன் கழற்றி வைத்த செருப்பு எல்லாம் படத்துக்குள் வந்துவிடும். நான் பின்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு வைப்பேன். இரண்டும் 1/16 பவரில்தான். முழு பவரில் ஃபிளாஷ் எரிகிற நேரம் அதிகம், சக்கரம் இழுபட்டுப் போகும். 1/16-க்கு இறக்கினால் வெளிச்சம் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கி, ஷூ லேஸின் நுனிகூட அந்தரத்தில் நிற்கும்.

ஒரு குறையையும் ஒத்துக்கொள்கிறேன். இந்த லென்ஸ் பொய் சொல்லும். ஐந்து படியைப் பத்துப் படியாகக் காட்டும். அதனால்தான் கிளம்பிய இடமும் இறங்கும் இடமும் ஃபிரேமுக்குள் இருக்க வேண்டும் என்று ஸ்கேட் உலகத்தில் அடித்துக்கொள்கிறார்கள். அதைவிடப் பெரிய கட்டளை, பையன் விழுந்துவிட்டால் அந்தப் படம் கணக்கில் இல்லை. எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் சரி, சக்கரம் நாலும் தரையில் பட்டு அவன் உருண்டு போயிருக்க வேண்டும். கல்யாணத்தில் தாலி கட்டும் படம் தவறிவிட்டால் இன்னொரு தடவை கையைத் தூக்கச் சொல்லி எடுத்துக்கொள்கிற எனக்கு, இந்தக் கறார் ஆரம்பத்தில் வேடிக்கையாக இருந்தது.

அப்புறம், அந்த மூடி.

ஃபிஷ்ஐயின் முன்கண்ணாடி முட்டைக்கண் மாதிரி பிதுங்கி நிற்கும். ஃபில்டர் மாட்ட வழி இல்லை. அந்தக் கண்ணாடிக்கு உலகத்தில் இருக்கும் ஒரே பாதுகாப்பு மூடிதான். அதைச் செய்தவர்களுக்கு இது தெரியாதா? மறையும் கிடையாது, சொல்லிக்கொள்ளும்படி கிளிப்பும் கிடையாது. கண்ணாடியைச் சுற்றி நிற்கும் ஹூட்டின் இதழ்கள் மேல் சும்மா அழுத்தி உட்கார வைக்க வேண்டும். முதல் ஆறு மாதம் உட்கார்ந்தது. வேலூர் மே மாதத்தில் ஒரு மதியம் காருக்குள் கிடந்தபிறகு, பிடிப்பு என்று ஒன்று இருந்ததையே மறந்துவிட்டது. கெட்டிமேளத்தின் நடுவே உருண்டு போய் ஐயரின் காலடியில் நின்றிருக்கிறது. ஆற்காட்டில் பந்தியைப் படம் எடுக்கும்போது ரச வாளிக்குள் விழுந்தது. பரிமாறுகிறவர் கரண்டியால் எடுத்துக் கொடுத்தார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

ரப்பர் பேண்டு போட்டேன், கறுப்பு டேப் ஒட்டினேன், கயிறு கட்டித் தொங்கவிட்டேன். கயிறு படத்தில் விழுந்தது. 180 டிகிரி!

ஸ்கேட் படம் என்றதும் எல்லோரும் சொன்ன எச்சரிக்கை ஒன்றுதான், போர்டு பறந்து வந்து லென்ஸில் அடிக்கும். மூன்று வருடத்தில் போர்டு என் முழங்காலில் அடித்திருக்கிறது, கட்டைவிரலில் அடித்திருக்கிறது, ஒரு ஃபிளாஷின் கழுத்தை முறித்திருக்கிறது. கண்ணாடியை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. கீறல் விழுந்தது பைக்குள். பெங்களூரிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது, ஒரு பையனுக்காக வாங்கிய கிரிப் டேப் துண்டையும் அதே பையில் போட்டிருந்தேன். கிரிப் டேப் என்றால் போர்டின் மேல் ஒட்டுகிற உப்புத்தாள், வேறொன்றுமில்லை. வழியில் எங்கேயோ மூடி கழன்றுவிட்டது. ஆம்பூர், பள்ளிகொண்டா என்று பஸ் குலுங்கக் குலுங்க, இரண்டும் உள்ளே உட்கார்ந்து உரசிக்கொண்டு வந்திருக்கின்றன. வீட்டில் பையைத் திறந்தால் கண்ணாடியின் நடுவில் பூனை பிறாண்டினது மாதிரி இருந்தது.

சாதாரண லென்ஸில் சின்னக் கீறல் படத்தில் தெரியாது. இதில் தெரியும். இவ்வளவு அகலமான கண்ணை எஃப் 8-க்கு மூடினால் கண்ணாடியின் மேல் இருப்பதுகூட ஃபோகஸுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. பின்னால் ஃபிளாஷ் அடித்தால் நடுவில் வெள்ளையாகப் புகை.

சென்னையில் ஒரு சர்வீஸ் கடை. 24 நாள் ஆனது. செத்துப்போன இன்னொரு லென்ஸிலிருந்து முன்கண்ணாடியைக் கழற்றிப் போட்டார்கள். வேலையில் குறை சொல்ல முடியாது, பச்சை டேப் இருந்த இடத்தில் ஃபோகஸ் அப்படியே இருக்கிறது. பில்லைக் கொடுக்கும்போது, "புது மூடி ஃப்ரீ சார்" என்றார்கள். அதே மூடி. காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ ஸ்டாண்டுக்கு வருவதற்குள் ஒருமுறை விழுந்துவிட்டது.

கடைசியில் சித்தப்பாவிடம் போனேன். ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறவர். லென்ஸை வாங்கித் திருப்பிப் பார்த்து, "இன்னாடா இது, மாட்டுக் கண்ணு மாதிரி முழிக்குது" என்றார். வெட்டி மிச்சமான தோல் துண்டு ஒன்றை எடுத்து, விளிம்பைக் கத்தியால் சீவிச் சீவித் தாள் கனத்துக்குக் கொண்டுவந்தார். ஹூட்டைச் சுற்றி நனைத்து இழுத்துக் கட்டி, ஒரு ராத்திரி காயவைத்தார். காலையில் அது ஹூட்டின் வடிவத்திலேயே நின்றது. உள்ளே வேட்டித் துணி, மேலே வட்டமாக இரட்டைத் தையல், எடுக்கும்போது பிடித்து இழுக்க ஒரு சின்னக் காது. தலைகீழாகப் பிடித்து உதறினேன். விழவில்லை. ஒரே தொந்தரவு, பையைத் திறந்தால் புது செருப்புக் கடை வாசனை.

இப்போது நண்பனுக்குப் பதில். வாங்காதே. மூன்று வருடத்தில் நான் எடுத்த நல்ல ஸ்கேட் படங்கள் பத்து என்றால் ஒன்பது இந்த லென்ஸில்தான், இருந்தாலும் வாங்காதே. கண்ணாடியை இவ்வளவு அருமையாகச் செய்துவிட்டு மூடியை இப்படிச் செய்தவர்களுக்கு இன்னொரு வாடிக்கையாளர் சேருவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. செகண்ட் ஹேண்ட் என்றால் அவர்களுக்குக் காசு போகாது என்பாய். தெரியும். ஃபிஷ்ஐ இல்லாமலும் ஆரம்பிக்கலாம். ஸ்கேட்போர்டு படத்துக்குப் பேர்போன ஜே. கிராண்ட் பிரிட்டன் முதலில் படம் எடுத்தது அறைத் தோழனிடம் இரவல் வாங்கின கேமராவில். 1987-ல் டிரான்ஸ்வேர்ல்டு ஸ்கேட்போர்டிங் பத்திரிகை அட்டையில் வந்த அவருடைய படத்தில் டாட் ஸ்வாங்க் என்ற ஸ்கேட்டர் பறக்கவும் இல்லை, கவிழவும் இல்லை, காலால் தரையைத் தள்ளிக்கொண்டு போகிறார், அவ்வளவுதான். அந்தப் படத்தை இன்றைக்கும் பேசுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சத்துவாச்சாரி பக்கம் ஒரு மண்டபம் மூன்றரைக்குக் காலியாகிறது, ஏழு படி. வா, என் லென்ஸையே மாட்டி எடுத்துப் பார். தோல் மூடியை மட்டும் என் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன்.