மாங்காய் தரம் பிரிக்கும் கேமரா பெட்டி: பங்கனப்பள்ளிக்குச் சரி, செந்தூராவுக்கு ஆகாது

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்து மண்டிக்காரர்களிடம் விற்க வரும் பெட்டி இது. நாலு பக்கமும் அடைத்த தகரக் கூடு, மேலே யூஎஸ்பி கேமரா, உள்ளே எல்இடி பட்டை, பின்னால் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி. காயை வைத்தால் ரகமும் பழுத்த நிலையும் திரையில் வரும்.

ரகம் பிரிப்பதில் குறை இல்லை. நீள அகல விகிதத்தையும் மூக்கின் வளைவையும் பார்ப்பதால் கிளிமூக்கையும் உருண்டை ருமானியையும் குழப்பிக்கொள்வதில்லை. காம்பு எப்போதும் ஒரே பக்கம் இருக்கும்படி கிடத்தினால் போதும்.

பழுத்த நிலை சொல்வதில்தான் வம்பு. தோலில் பச்சை குறைந்து மஞ்சள் ஏறுவதை வைத்தே பெட்டி கணக்குப் போடுகிறது. பங்கனப்பள்ளி, நீலம் இரண்டுக்கும் அது பொருந்தும். (விளம்பரத் தாளில் பங்கனப்பள்ளி படம் மட்டும் இருப்பது சும்மா இல்லை.) செந்தூராவின் காம்புப் பக்கம் காயிலேயே சிவந்துவிடும், பெட்டி அதைப் பழம் என்கிறது. கிளிமூக்கு உள்ளே பழுத்த பிறகும் தோலில் பச்சை விடாது. அதைக் காய் என்கிறது. கார்பைடு கல் வைத்த காய் இன்னும் மோசம். கல்லுக்குத் தடை இருக்கிறது, பழுக்க வைக்க 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை எத்திலீன் வாயுவுக்குத்தான் அனுமதி. ஆனால் தோல் மஞ்சளாகி உள்ளே புளிக்கும் காயையும் பெட்டி நல்ல பழம் என்றே தள்ளிவிடும்.

வாங்கியவர்கள் முதலில் விளக்கைச் சரிசெய்ய வேண்டும். எல்இடி நேராகப் பட்டால் வழவழப்பான தோலில் வெள்ளைப் புள்ளி விழுந்து நிறக் கணக்கு கெடும். விளக்குக்கும் காய்க்கும் நடுவே பால் நிற அக்ரிலிக் தகடு வையுங்கள். கேமரா தானே நிறத்தைத் திருத்திக்கொள்ளும் தானியங்கி வெள்ளைச் சமநிலையையும் ஒளி அளவையும் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் படம் முழுக்க மஞ்சள் நிரம்பும்போது கேமராவே நீலத்தைக் கூட்டிவிடும். தினமும் காலையில் சாம்பல் நிற அட்டையை வைத்துச் சரிபார்ப்பது நல்லது. அடியில் வெள்ளைத் தாளுக்குப் பதில் பளபளப்பில்லாத நீல விரிப்பு போட்டால் பழத்தின் ஓரம் சுத்தமாகப் பிரியும். காய்ந்த பால் கறையை அழுகல் என்று எடுத்துக்கொள்ளும், அதனால் கழுவித் துடைத்த பிறகே வையுங்கள். ஒரு படம் போதாது. புரட்டி இன்னொன்று எடுங்கள்.

காய் முற்றியதா என்று பார்க்கத் தண்ணீர்த் தொட்டியே மேல்: முற்றியது மூழ்கும், முற்றாதது மிதக்கும். இனிப்புக்குக் கூடைக்கு ஒரு பழம் அறுத்து சாற்றின் சர்க்கரை அளவு காட்டும் பிரிக்ஸ் மீட்டரில் பாருங்கள்.

செந்தூராவும் கிளிமூக்கும் அதிகம் இறங்கும் மண்டி என்றால் உங்கள் காயையே கொண்டுபோய்ச் சோதியுங்கள். அந்த ரகங்களுக்குத் தனியாகப் படம் எடுத்துப் பெட்டிக்குப் பயிற்சி கொடுத்துத் தர விற்பவர் ஒப்புக்கொண்ட பிறகு முன்பணம் கொடுக்கலாம்.