சுங்கை சிப்புட்டில் ஒரு சூப்பர் ஃபேமிகாம்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

நிண்டெண்டோ நிறுவனம் 1990 நவம்பரில் ஜப்பானில் வெளியிட்ட சூப்பர் ஃபேமிகாம் என்ற வீடியோ விளையாட்டுக் கருவியை, 21 அங்குலப் பிக்சர் டியூப் தொலைக்காட்சி ஒன்றோடு இணைத்துப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இராட்சத ரோபோ கதைகளில் மனம் பறிகொடுத்தவர்கள் இந்தக் கருவியை வாங்கினால், அதற்கேற்ற பழைய தொலைக்காட்சியையும் சேர்த்தே தேடிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தட்டைத் திரையில் விளையாடினால் அந்த விளையாட்டுகளின் பாதி அழகு நம் கண்ணுக்கே எட்டாது.

ஸ்குவேர் நிறுவனம் 1995இல் வெளியிட்ட ‘ஃபிரண்ட் மிஷன்’ விளையாட்டில், சண்டைக் காட்சி தொடங்கியதும் இரண்டு இயந்திரங்கள் எதிரெதிரே பெரிதாக நிற்கும். அவற்றின் தோள் தகட்டை அருகில் சென்று பாருங்கள். தட்டைத் திரையில் அது வெளிர்சாம்பல், சாம்பல், கருஞ்சாம்பல் எனப் படிக்கட்டாக அடுக்கிய சதுரங்கள்தாம். பிக்சர் டியூப்பிலோ ஒரு புள்ளியின் ஒளி பக்கத்துப் புள்ளியின் மீது சற்றே கசிவதால், அதே சதுரங்கள் ஒன்றோடொன்று கலந்து, வெயில் பட்ட எஃகின் வளைவாகத் தெரிகின்றன. 256க்கு 224 புள்ளிகள் மட்டுமே கொண்ட படத்தில் இவ்வளவு கனத்தைக் காட்ட முடிந்ததென்றால், வரைந்தவர்கள் அந்தக் கண்ணாடிக் குழாயின் குணத்தை அறிந்தே வரைந்தார்கள் என்றுதான் நான் நம்புகிறேன்.

விளையாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1972இல் வந்த ‘மாசிங்கர் இசட்’ என்ற ஜப்பானியக் கதை, ரோபோவின் தலைக்குள் வீரனை ஏற்றி உட்கார வைத்தது. 1979இல் ‘கண்டம்’ (Gundam) என்ற அசைபடத் தொடர் அந்த ரோபோவைப் போர்த் தளவாடமாக்கியது. ‘ஃபிரண்ட் மிஷன்’ இந்த இரண்டாவது வழியில் வந்தது. அதன் கதை 2090இல், பசிபிக் பெருங்கடலில் கற்பனையாகப் படைக்கப்பட்ட ஹஃப்மன் தீவில் நடக்கிறது. உடல், இடக்கை, வலக்கை, கால்கள் ஆகியவை தனித்தனியே அடி வாங்கும். கை சிதைந்தால் அதிலிருந்த ஆயுதம் போய்விடும், கால் சிதைந்தால் நகரும் தூரம் குறைந்துவிடும், உடல் சிதைந்தால் இயந்திரமே அழிந்துவிடும். எனவே எதிரியின் எந்தப் பாகம் முதலில் விழுமோ என்ற பதைப்பு ஒவ்வொரு சுற்றிலும் நம்மைத் தொற்றிக்கொள்கிறது. எத்தனை முறை ஆடினாலும் இது எனக்குச் சலிக்கவில்லை. பட்டியல்கள் எல்லாம் ஜப்பானிய மொழியில் இருந்தாலும், எது எங்கே இருக்கிறது என்பது சில வாரங்களில் கைக்குப் பழகிவிடும்.

என் அண்ணன் மகள் ‘கிரித்தா’ என்ற இலவச மென்பொருளில் சொந்தமாக அசைபடம் வரைபவள். 1992இல் வந்த ‘அசால்ட் சூட்ஸ் வால்கன்’ விளையாட்டின் ரோபோவை அவள் திரும்பத் திரும்ப நடக்கவிட்டுக் கவனித்துவிட்டு, “சித்தப்பா, இது சும்மா நடக்கல, ஒவ்வொரு அடியிலயும் தன் கனத்தத் தூக்கி வைக்குது” என்றாள். அன்று முதல் அவளுடைய ரோபோக்களும் அவசரமில்லாமல் நடக்கின்றன. இத்தகைய அதிரடி விளையாட்டுக்குப் பிக்சர் டியூப் இன்னொரு வகையிலும் உதவுகிறது: பல தட்டைத் திரைகள் படத்தைச் செயலாக்கிக் காட்டுவதற்குள், பொத்தானை அழுத்தியதற்கும் ரோபோ அசைவதற்கும் இடையே சிறு தாமதம் நேர்ந்துவிடுகிறது. முறை வைத்து ஆடும் ‘ஃபிரண்ட் மிஷ’னில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம், ‘வால்க’னில் முடியாது.

இனிப் பராமரிப்பு. இக்கருவியின் அடாப்டர் ஜப்பானின் 100 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் எரிந்துவிடும் என்பதால், மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும். ஈரக்காற்று நிறைந்த நம் ஊரில், விளையாட்டு அடங்கிய கேட்ரிட்ஜின் பித்தளை நிறப் பற்கள் விரைவில் மங்கிவிடுகின்றன. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்தால் போதும், வாயால் ஊதினால் எச்சில் ஈரம் பட்டு மேலும் கெடும். மழைக்காலத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு மேல் இடி முழங்கத் தொடங்கியதும் ப்ளக், ஆண்டெனா இரண்டையும் கழற்றிவிடுகிறேன். கருவியின் சாம்பல் நிற ஞெகிழி மஞ்சளாகிவிட்டதைச் சிலர் இரசாயனம் பூசி வெளுக்க வைக்கிறார்கள். எனக்கு அந்த மஞ்சள் உறுத்தவில்லை.

மிகவும் கவனிக்க வேண்டியது சேமிப்பு பேட்டரி. ‘ஃபிரண்ட் மிஷன்’ கேட்ரிட்ஜுக்குள் இருக்கும் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்தால், நாம் சேமித்த ஆட்டமெல்லாம் அழிந்துவிடும். அது பலகையில் பற்றவைக்கப்பட்டிருப்பதால் கடிகார பேட்டரியைப் போல எடுத்து மாற்ற இயலாது. பழைய கேட்ரிட்ஜ் வாங்குபவர்கள், ஆடத் தொடங்கும் முன்பே மின்னியல் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து, தகடு பொருத்திய புதிய பேட்டரியைப் பற்றவைத்துக்கொள்வது நல்லது. தொலைக்காட்சியின் உட்புறத்தை மட்டும் நீங்களாகத் திறக்கவே கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் குழாயில் உயிரைப் பறிக்கும் அளவு மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.

நம் மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31இல் முற்றிலும் நிறுத்தப்பட்ட பிறகு, டிஜிட்டல் ஒளிபரப்பைப் பெறும் டிகோடர் வைத்து ஓட்டியிருக்கக்கூடிய நல்ல பெட்டிகள்கூடப் பழைய சாமான் லோரியில் ஏறிவிட்டன. மிச்சமிருப்பவை தோட்டத்து உறவினர் வீடுகளில் துணி போர்த்தி மூலையில் கிடக்கலாம். கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். வாங்கும்போது ஏவி துளைகள் இருக்கின்றனவா, ஜப்பானின் ஒளிபரப்பு முறையான என்டிஎஸ்சியை அது ஏற்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஜப்பானியக் கருவியின் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ தெரியும். அந்த முறையை மாற்றும் அமைப்பு பல பெட்டிகளில் ரிமோட் வழியாக மட்டுமே திறக்கும் என்பதால், ரிமோட்டையும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.