ஜி.ஹெச்சா, காப்பீட்டு அட்டையா? அரசாங்க காசு எதுல போனா நோயாளிக்கு நல்லது

தேர்தல் நெருங்குனா காப்பீட்டுத் தொகைய ஏத்தணும்ங்கற பேச்சு தானா கிளம்பிடும். அஞ்சு லட்சம் பத்தாது, இன்னும் வேணும்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அதே காச ஜி.ஹெச்லயும் பி.ஹெச்.சிலயும் (ஆரம்ப சுகாதார நிலையம்) மாத்திரையிலயும் போட்டா என்ன கிடைக்கும்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்குறவங்க கம்மி. தமிழ்நாட்டுல ரெண்டு வழியுமே பல வருஷமா சேந்து ஓடிட்டு இருக்கு, அதனால ஒப்பிட்டுப் பாக்க நமக்கு வசதி. என் முடிவ முதல்லயே சொல்லிடறேன். ரெண்டும் வேணும், ஆனா முதல் ரூபா ஜி.ஹெச்சுக்குத்தான் போகணும், அட்டை அதுக்கப்புறம். ஏன்னு கீழ சொல்றேன்.

முதல்ல ஜி.ஹெச் பக்கம். இங்க உயிர்நாடி டாக்டர்னு நினைப்போம், அது சரிதான், ஆனா டாக்டர் எழுதுன மருந்து கவுண்டர்ல இல்லேன்னா அந்த சீட்டு வெறும் பேப்பர். இத நம்ம ஊர்ல பெரிய அளவுல சரி பண்ணது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-ல ஆரம்பிச்சு 1995-ல இருந்து மருந்து வாங்கிக் குடுக்குற வேலைய பாக்குது. வேலை நடக்குற விதம் ரொம்ப எளிமை. அத்தியாவசிய மருந்துன்னு ஒரு பட்டியல், அதுல கம்பெனி பேர் கிடையாது, மருந்தோட வேதிப் பேர் மட்டும்தான். மொத்த மாநிலத்துக்கும் சேத்து ஒரே டெண்டர், ரெண்டு கவர்: முதல் கவர்ல கம்பெனிக்கு தகுதி இருக்கான்னு பாப்பாங்க, அதுல தேறுனவங்களோட விலைக் கவரத்தான் பிரிப்பாங்க. அளவு பெருசுங்கறதால விலை தரைமட்டத்துக்கு இறங்கும். சரக்கு நேரா மாவட்ட கிடங்குக்கு வரும், ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் இருக்கும், வருஷத்துக்கு இவ்ளோ ரூபாய்க்கு மருந்துன்னு அதுல எழுதியிருக்கும், எடுக்க எடுக்க கழிச்சுக்கிட்டே வருவாங்க. கூட்டம் அதிகமா வர்ற ஆஸ்பத்திரி தனக்கு எது தேவையோ அத கூடுதலா எடுத்துக்கலாம், சென்னைல இருந்து யாரோ கணக்கு போட்டு தேவையில்லாத மருந்த தள்ளிவிடுற கதை கிடையாது.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் தர சோதனை. கிடங்குக்கு வந்த சரக்குல இருந்து சாம்பிள் எடுத்து, கம்பெனி பேர் தெரியாத மாதிரி கோடு நம்பர் போட்டு லேபுக்கு அனுப்புவாங்க. டெஸ்ட் பண்றவருக்கு இது யாரோட சரக்குன்னு தெரியாது. தேறுனாத்தான் வெளிய போகும். அரசு மாத்திரைனா வேலை செய்யாதுன்னு சொல்றவங்க நெறய பேர் இருக்காங்க, அவங்க இத ஒரு தடவ தெரிஞ்சுக்கணும், ஏன்னா தெருமுனை மெடிக்கல்ல வாங்குற ஸ்டிரிப்புக்கு விக்கிறதுக்கு முன்னாடி இப்படி ஒவ்வொரு லாட்டையும் வெளி ஆள் யாரும் சோதிக்கறதில்ல. கேரளாவும் ராஜஸ்தானும் இந்த மாடலப் பாத்துத்தான் அவங்க ஊர்ல கழகம் தொடங்கினாங்க, ராஜஸ்தான் 2011-ல இலவச மருந்துத் திட்டமே கொண்டுவந்துச்சு.

இப்ப அட்டை பக்கம். 2009-ல கலைஞர் காப்பீட்டுத் திட்டம்னு வந்துச்சு, 2012-ல முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்னு மாறுச்சு, 2018-ல மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத் கூட இணைஞ்சுது. இப்ப குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும். வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும், வி.ஏ.ஓ கிட்ட வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோட கலெக்டர் ஆபீஸ்ல இருக்குற மையத்துக்குப் போனா பதிஞ்சு குடுப்பாங்க. பட்டியல்ல இருக்குற பிரைவேட் ஆஸ்பத்திரிக்கும் போலாம், அரசு ஆஸ்பத்திரிக்கும் போலாம். ஒவ்வொரு சிகிச்சைக்கும் பேக்கேஜ் ரேட் ஒன்னு, அதாவது மொத்தமா இவ்ளோன்னு முன்னாடியே முடிவு பண்ண தொகை, அதுக்கு முன் அனுமதி வாங்கணும், கிடைச்சதும் ஆபரேஷன்.

இந்த வழியோட பலத்த குறைச்சு சொல்லவே கூடாது. பிறவியிலயே காது கேக்காத குழந்தைக்கு காக்ளியர் கருவி வைக்கிறது, பைபாஸ், வாராவாரம் டயாலிசிஸ், இதெல்லாம் கூலி வேலை பாக்குற குடும்பம் சொந்தக் காசுல நினைச்சுக்கூட பாக்க முடியாது. கர்நாடகால வாஜ்பாய் ஆரோக்யஸ்ரீன்னு ஒரு திட்டம் 2010-ல வந்துச்சு, முதல்ல வட கர்நாடகாவுக்கு மட்டும்தான். திட்டம் உள்ள பகுதி, இல்லாத பகுதி, இந்த ரெண்டோட எல்லையில அடுத்தடுத்து இருக்குற ஊர்களை எடுத்து ஒப்பிட்டாங்க. ஒரே மாதிரி ஊர், ஒரே மாதிரி ஏழைக் குடும்பங்க, ஒரு பக்கம் மட்டும் திட்டம். 2014-ல வந்த அந்த ஆய்வுல, திட்டம் கவர் பண்ற நோய்களால வர்ற சாவு 64 சதவீதம் கம்மி, ஆஸ்பத்திரிக்கு கையில இருந்து போற செலவும் 34 சதவீதம் கம்மி. அட்டை வேஸ்ட்னு ஒரே வார்த்தைல தள்றவங்களுக்கு இதுதான் பதில். ஆனா ஒன்ன கவனிங்க, அந்தத் திட்டம் வெறும் அட்டைய குடுத்துட்டு சும்மா இருக்கல, ஊருக்கே வந்து முகாம் போட்டு, யாருக்கு இதய நோய், யாருக்கு கேன்சர்னு தேடிப் புடிச்சு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புச்சு.

சரி, அப்ப ஏன் நான் ஜி.ஹெச்ச முதல்ல வைக்கிறேன்? ஏன்னா அட்டை அட்மிஷனோடதான் ஆரம்பிக்குது, டிஸ்சார்ஜோட கிட்டத்தட்ட முடிஞ்சுடுது. சுகர், பிரஷர், தைராய்டு, ஆஸ்துமா இதெல்லாம் மாசாமாசம் சாகுற வரைக்கும் மாத்திரை. பெட்ல படுக்காத செலவு. இந்தியக் குடும்பங்க வைத்தியத்துக்கு கையில இருந்து போடுற காசுல ரொம்பப் பெரிய பங்கு மருந்துக்கும் ஓ.பிக்கும்தான் போகுது, அத அட்டை பெரும்பாலும் தொடறதில்ல. 2008-ல மத்திய அரசு கொண்டுவந்த ராஷ்ட்ரிய ஸ்வாஸ்திய பீமா யோஜனா, குடும்பத்துக்கு வருஷம் 30,000 ரூபா கவர், அத ஆராய்ஞ்சு 2017-ல வந்த ஆய்வு இதைத்தான் சொல்லுச்சு, ஏழைங்க கையில இருந்து போற செலவு சொல்லிக்கிற மாதிரி குறையவே இல்லேன்னு.

எங்க பெரியப்பாவுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாய திறந்தே வச்சிருக்குற சின்ன வலைக் குழல்) வச்சது அட்டையிலதான், ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில. ஆபரேஷனுக்கு ஒரு பைசா வாங்கல, அத நன்றியோடதான் சொல்றேன், அன்னைக்கு அட்டை இல்லேன்னா பெரியம்மாவோட நகை அடகுக்குப் போயிருக்கும். ஆனா ஸ்டென்ட் தேவைன்னு முடிவாகுற வரைக்கும் எடுத்த எக்கோ, ரத்த டெஸ்டு எல்லாம் எங்க காசு. வீட்டுக்கு வந்தப்புறம் ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும், கொழுப்புக்கு அட்டார்வாஸ்டாட்டின், பிரஷருக்கு ஒன்னு, சுகருக்கு ரெண்டு. முதல் மாசம் அந்த ஆஸ்பத்திரி மெடிக்கல்ல வாங்குன பில்லப் பாத்துட்டு பெரியம்மா, "ஒருநாள் விட்டு ஒருநாள் குடுத்தா என்ன தம்பி"ன்னு கேட்டாங்க. நெஞ்சு பதறிப் போச்சு, ஸ்டென்ட் வச்சவங்க அந்த மாத்திரைய விட்டா ஸ்டென்ட்லயே அடைப்பு வரலாம், லட்ச ரூபா சிகிச்சை மாத்திரை காசுக்காக வீணாப் போயிடும். அப்புறம் டிஸ்சார்ஜ் சம்மரிய எடுத்துக்கிட்டு ஜி.ஹெச்சுக்குப் போனோம், ஓ.பி சீட்டு போட்டு டாக்டரப் பாத்து, மாத்திரை மாசாமாசம் அங்கயே ஃப்ரீயா வருது. அட்டை அவர பொழைக்க வச்சுது, கவுண்டர் அவர உயிரோட வச்சிருக்கு. மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல தொடங்குனாங்களே, அது இந்தக் கவுண்டர வீட்டு வாசலுக்கே கொண்டு வர்ற வேலை, என் கணக்குல இந்தக் காசு எந்த பேக்கேஜ் ரேட்டையும் விட அதிகமா உழைக்கும்.

செலவுல இன்னொன்னு. 2017-18 தேசிய மாதிரி ஆய்வுப்படி, இந்திய சராசரியா பிரசவம் தவிர ஒரு தடவ அட்மிட் ஆனா, குடும்பத்துக்கு ஆகுற மருத்துவச் செலவு அரசு ஆஸ்பத்திரில 4,452 ரூபா, பிரைவேட்ல 31,845 ரூபா. ரெண்டு எடத்துக்கும் ஒரே மாதிரி நோயாளிங்க போறதில்ல, அதனால இத அப்படியே தராசுல வைக்க முடியாது. ஆனா ஏழு மடங்குங்கறது சின்ன வித்தியாசமும் இல்ல.

தரம்னு வந்தா பேச்சு சிக்கலாகுது. ஜி.ஹெச் பக்கம் நிக்கிற நானே ஒத்துக்க வேண்டிய ஒரு ஆய்வு இருக்கு, மத்தியப் பிரதேச கிராமங்கள்ல நடந்தது. நெஞ்சு வலி, ஆஸ்துமான்னு நோயாளி மாதிரி நடிக்க ஆளுங்களுக்குப் பயிற்சி குடுத்து டாக்டருங்ககிட்ட அனுப்புனாங்க. ஒரே டாக்டர், காலைல அரசு ஆஸ்பத்திரில, சாயங்காலம் சொந்த கிளினிக்ல. சொந்த கிளினிக்ல அவர் கூடுதல் நேரம் குடுத்தாரு, கூடுதல் கேள்வி கேட்டாரு, சரியான சிகிச்சையும் அங்கதான் அதிகமா குடுத்தாரு. படிப்பு ஒன்னுதான், ஆள் ஒன்னுதான், உழைப்பு மட்டும் மாறுது. நம்ம ஜி.ஹெச் ஓ.பில ரெண்டு மணி நேரம் நின்னு ரெண்டு நிமிஷத்துல வெளிய வந்தவங்களுக்கு இது புதுசு இல்ல. கட்டடம் கட்டி மருந்து நிரப்புனா மட்டும் பத்தாது, டாக்டர், நர்ஸ் காலியிடத்த நிரப்பணும், மரியாதையா பேசணும், வேலைய மேற்பார்வை பண்ணணும்.

அதுக்காக காசுக்கு வேலை செஞ்சா தரம் தானா வந்துடும்னும் நினைச்சுடாதீங்க. தேசிய குடும்ப நல ஆய்வு அஞ்சாவது சுற்றுல தமிழ்நாட்டு கணக்கு: அரசு ஆஸ்பத்திரி பிரசவத்துல சிசேரியன் 36 சதவீதம், பிரைவேட்ல 63.8 சதவீதம். அரசுலயே 36ங்கறது அதிகம்தான், சிக்கலான கேஸ் எல்லாம் கடைசில அங்கதான் வந்து சேருது, அப்படியும் பிரைவேட் எங்கேயோ நிக்குது. செய்ற ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் காசுன்னா, தேவையில்லாததும் நடக்கும். 2012-ல சத்தீஸ்கர்ல காப்பீட்டுக் காசுக்காக பொம்பளைங்களுக்கு தேவையே இல்லாம கர்ப்பப்பைய எடுத்தாங்கன்னு நாடே பேசுச்சு. 2023-ல ஆயுஷ்மான் பாரத் பத்தி வந்த சி.ஏ.ஜி (அரசு கணக்குகள தணிக்கை பண்ற அமைப்பு) அறிக்கைல ஏழரை லட்சம் பயனாளிங்க ஒரே மொபைல் நம்பர்ல பதிவாகி இருந்தாங்க. கண்காணிக்க ஆள் இல்லாம அட்டைய மட்டும் பெருசாக்குனா இதுதான் நடக்கும்.

இதுக்கு நடுவுல தமிழ்நாடு ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கு, வெளிய பேசப்படுறதே இல்ல. அட்டைக் காசு அரசு ஆஸ்பத்திரிக்கும் போகுது. ஜி.ஹெச்ல அட்டையில ஆபரேஷன் பண்ணா அந்த ஆஸ்பத்திரி கிளெய்ம் போட்டு காசு வாங்குது, அதுல கருவி வாங்கலாம், வார்டு சரி பண்ணலாம், ஒரு பங்கு வேலை செஞ்ச டீமுக்கு ஊக்கத்தொகையாவும் போகுது. மத்தியப் பிரதேச ஆய்வு சொன்ன அந்த உழைப்புக் குறைக்கு இது ஒரு பாதி மருந்து, டாக்டர் சம்பளம் வாங்கிட்டு சும்மா இருக்கவும் முடியாது, கேஸ் கிடைச்சா போதும்னு வெட்டவும் அவ்ளோ அவசரம் இருக்காது. என்ன ஏத்தணும்னு என்னைக் கேட்டா, அட்டையோட உச்சவரம்ப இல்ல, மொத்த கிளெய்ம்ல அரசு ஆஸ்பத்திரிக்கு வர்ற பங்க ஏத்துங்கம்பேன். அடுத்தது, பேக்கேஜுக்குள்ள டிஸ்சார்ஜுக்கு அப்புறம் ஒரு வருஷ மாத்திரையும் சேரணும், அத கழகத்தோட கிடங்குல இருந்தே குடுக்கலாம், டெண்டர் ரேட்ல அது பெரிய செலவே வராது.

அது நடக்குற வரைக்கும், அட்டையில பிரைவேட்ல ஆபரேஷன் பண்ணவங்க ஒன்னு மட்டும் செய்ங்க. டிஸ்சார்ஜ் சம்மரில மாத்திரைகளோட வேதிப் பேர எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க, பிராண்ட் பேர் மட்டும் இருந்தா ஜி.ஹெச் கவுண்டர்ல தடுமாறுவீங்க. ஜி.ஹெச்ல சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு தொற்றா நோய் பிரிவுன்னு தனியா இருக்கும், அங்க பதிஞ்சு வச்சுக்கிட்டா மாசாமாசம் வாங்கிக்கலாம். ஏதாவது மாத்திரை இருப்பு இல்லேன்னு சொன்னா வெளிய போய் வாங்கிட்டு விட்டுடாதீங்க, எப்ப வரும்னு ஃபார்மசிஸ்ட கேளுங்க, ஆஸ்பத்திரி சூப்பிரண்டுக்கும் எழுதிக் குடுங்க.