எட்டுக்குப் பத்து எப்படி எட்டு அக்டோபர் ஆனது: ஒரு விரிதாளுடன் நான்கு வருடம்

நண்பன் ஒருவன் புதிதாகச் சின்னத் தொழில் தொடங்குகிறான். "நீதான் வீட்டுக் கணக்கிலிருந்து கடைக் கணக்கு வரை எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல வெச்சிருக்கியே, அந்த ஆபிஸ் மென்பொருளை வாங்கலாமா, இல்ல நோட்டே போதுமா?" என்று கேட்டான். அவன் கேட்ட நேரம் சரியில்லை. அன்று மத்தியானம்தான் ஒரு வாடிக்கையாளரிடம் தலைகுனிந்து நின்றுவிட்டு வந்திருந்தேன். அதனால் பதிலை ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். ஒரு வாரம் ஆகியும் கோபம் தணியவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படங்களுக்குச் சட்டம் போடுவது என் தொழில். நானும் உதவிக்கு ஒரு தம்பியும், அவ்வளவுதான். ஆர்டர் எல்லாம் கம்ப்யூட்டர் விரிதாளில், அதாவது ஷீட்டில். காலையில் அன்றைய வேலையை அச்செடுத்து மேசைக்கு மேலே ஒட்டிவிடுவேன். தம்பி அதைப் பார்த்து வெட்டுவான். சம்பவம் நடந்தது ஜூலையில். எட்டுக்குப் பத்து இன்ச் சட்டம் ஆறு வேண்டும், மூன்று மணிக்கு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார் ஒருவர். அவசர ஆர்டருக்கென்று ஒரு பழைய ஷீட் வைத்திருக்கிறேன். அதில் அளவு இடத்தில் 8-10 என்று அடித்து எண்டர் தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். மூன்று மணிக்கு ஆள் வந்து நிற்கிறார், ஒரு கட்டைகூட வெட்டவில்லை. தம்பியிடம் கேட்டால், "அக்டோபர் எட்டுன்னு போட்டிருந்துச்சு அண்ணா, இப்ப என்ன அவசரம்னு கீழ வெச்சுட்டேன்" என்கிறான். தாளைப் பார்த்தேன். அளவு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு அக்டோபர். அவனை என்ன சொல்ல? தாளில் இருந்ததைத்தான் அவன் படித்தான்.

மென்பொருளின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு அதைப் பற்றியே ஓடிவிடும். எழுதுவதற்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, ஸ்லைடுக்கு ஒன்று என்று மூன்றும் சேர்ந்த வழக்கமான தொகுப்புதான். எழுதும் மென்பொருளில் ரசீதுக்கு ஒரு வார்ப்புரு வைத்திருக்கிறேன், ஒழுங்காக வேலை செய்கிறது, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்லைடு மென்பொருளை நான்கு வருடத்தில் இரண்டு முறை திறந்திருக்கிறேன், அதில் ஒரு முறை கை தவறி. ஆகவே இனி பேச்சு முழுக்க விரிதாளைப் பற்றித்தான்.

8-10 என்று அடித்ததும் உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். எண்டர் தட்டும் வரை அது 8-10தான். தட்டியதும் கண் இமைக்கும் நேரத்தில் கட்டத்தின் வலது ஓரத்துக்கு ஒதுங்குகிறது. எழுத்து என்றால் இடது பக்கம் நிற்கும், எண்ணும் தேதியும் வலது பக்கம் போகும். ஆக, வலப்பக்கம் ஒதுங்கினால் போச்சு என்று அர்த்தம். அது இப்போது தேதி. 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து நாட்களை எண்ணி, 2025 அக்டோபர் 8-க்கு உரிய 45938 என்ற எண்ணாக உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறது. சரி, கட்டத்தின் வகையை 'எழுத்து' என்று மாற்றினால் பழையபடி வந்துவிடும் என்று நினைப்போம். வராது. 45938 என்று காட்டும். நான் அடித்த 8-10 எங்கேயுமே இல்லை.

இதில் இன்னொரு கூத்து இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. நாம் வருடம் அடிக்கவில்லை அல்லவா? அது நடப்பு வருடத்தைத் தானே போட்டுக்கொள்கிறது. 2024-இல் அடித்த எட்டுக்குப் பத்து 45573, 2025-இல் அடித்தது 45938. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். எட்டுக்குப் பத்து மொத்தம் எத்தனை போயிருக்கிறது என்று எண்ணச் சொன்னால், ஒரு வருடத்துக்கு உரியதை மட்டும் எண்ணிக் கொடுக்கும். நான் அதை நம்பி, இந்த அளவு இப்போதெல்லாம் ஓடவில்லை போலிருக்கிறது என்று பின் அட்டை வாங்குவதையே குறைத்தேன். கடையில் ஆட்கள் எட்டுக்குப் பத்து கேட்டபடிதான் இருந்தார்கள். 16-20 அடித்தால் ஒன்றும் ஆகாது. பதினாறாம் மாதமும் இல்லை, இருபதாம் மாதமும் இல்லை, அதனால் பேசாமல் எழுத்தாகவே விட்டுவிடும். ஒரே நெடுவரிசையில் பாதி தேதி, பாதி எழுத்து. வரிசைப்படுத்தினால் சின்னச் சட்டங்கள் எல்லாம் ஒரு மூலையில் நாள்காட்டியாக நிற்கும்.

வீட்டிலும் இதே கதைதான். அம்மாவின் மாத்திரைகளுக்கு ஒரு ஷீட் போட்டிருந்தேன்: மாத்திரையின் பெயர், எத்தனை மீதி, எப்போது வாங்க வேண்டும், காலை மதியம் இரவு எத்தனை. காலையும் இரவும் மட்டும் என்றால் 1-0-1. அது அப்படியே நின்றது, பூஜ்யமாவது மாதம் கிடையாதே. மூன்று வேளையும் போட வேண்டிய மாத்திரைக்கு 1-1-1 அடித்தேன். 2001 ஜனவரி முதல் தேதி வந்தது. அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இது காலாவதி ஆகி இருபது வருஷத்துக்கு மேல ஆயிடுச்சேடா" என்றார்.

இதை என் அவசரக் கை செய்த கோளாறு என்று சொல்லிவிட முடியாது. மரபணு ஆராய்ச்சி செய்கிறவர்களையும் இது விட்டுவைக்கவில்லை. மார்ச்1, செப்ட்2 என்றெல்லாம் சில மனித மரபணுக்களுக்குப் பெயர் இருந்தது. விரிதாளில் இட்டால் மார்ச் 1, செப்டம்பர் 2 ஆகிவிடும். ஆய்வுக் கட்டுரைகளோடு வந்த அட்டவணைகளில் எல்லாம் இந்தப் பிழை புகுந்தது. கடைசியில் 2020-இல், மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு அந்தப் பெயர்களையே மாற்றியது. மார்ச்1 என்பது மார்ச்எஃப்1 ஆனது. மென்பொருள் மாறவில்லை, மரபணு பெயரை மாற்றிக்கொண்டது. இத்தனைக்கும் தேதியில் விரிதாள் செய்கிறவர்கள் ஒன்றும் சுத்தமில்லை. 1900-இல் பிப்ரவரிக்கு 28 நாள்தான். ஆனால் லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் அதை லீப் வருடமாக எடுத்துக்கொண்டது. அதோடு ஒத்துப்போக வேண்டும் என்று எக்செல்லும் அந்தத் தவறை வைத்துக்கொண்டது. இன்றைக்கும் அதில் 60 என்ற எண்ணைத் தேதியாக்கினால், பிறக்காத 1900 பிப்ரவரி 29 வந்து நிற்கும்.

சரி, திட்டிக்கொண்டே இருந்தால் நியாயமில்லை. நல்லதையும் சொல்ல வேண்டும். அந்த நல்லது கொஞ்சநஞ்சமில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

தேதித் தொல்லை தாங்காமல், முக்கிய ஷீட்டில் மட்டும் அளவை இரண்டாகப் பிரித்தேன்: அகலத்துக்கு ஒரு நெடுவரிசை, உயரத்துக்கு ஒன்று. 8 ஒரு கட்டத்தில், 10 அடுத்த கட்டத்தில். கோபத்தில் செய்ததுதான். செய்த பிறகுதான் தெரிந்தது, முதல் நாளே இப்படித்தான் வைத்திருக்க வேண்டும் என்று. 8-10 என்று சேர்த்து எழுதியதை வைத்துக் கணக்குப் போட முடியாது, தனித்தனி எண் என்றால் முடியும். சட்டத்துக்கு எவ்வளவு கட்டை வேண்டும் என்பது எங்கள் தொழிலில் தினசரித் தலைவலி. சுற்றளவு மட்டும் போதாது, நான்கு மூலையிலும் சாய்வாக வெட்டுவதற்கு, கட்டையின் அகலத்தைப் போல எட்டு மடங்கு கூடுதலாக வேண்டும். முக்கால் இன்ச் கட்டையில் எட்டுக்குப் பத்து என்றால் 36-ம் 6-ம் சேர்த்து 42 இன்ச். பத்தடிக் கட்டை 120 இன்ச். அதில் இரண்டு சட்டம் போக 36 மீதி. அந்த மீதியில் ஐந்துக்கு ஏழு ஒன்று அடங்கும், அதற்கு 30. ரம்பம் தின்பதற்கு 6 இன்ச் தாராளம்.

இதை ஃபார்முலாவாகப் போட்டு, கட்டையின் அகலத்தைத் தனியாக ஒரு கட்டத்தில் வைத்தேன். ஒரு நாள் சும்மா அந்த முக்காலை ஒன்று என்று மாற்றிப் பார்த்தேன். எல்லா வரிசையும் ஒரே நேரத்தில் மாறியது. 42 போய் 44 வந்தது, மீதி 32, ஐந்துக்கு ஏழுக்கும் சரியாக 32. ரம்பத்துக்கு ஒரு நூல்கூட மிச்சமில்லை. மீதி இல்லையென்றால் சிவப்பாகு என்று சொல்லி வைத்திருந்ததால் அந்தக் கட்டம் சிவந்தது. ஒரு கட்டையைக்கூட வீணாக்காமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, இது தேறாது என்று தெரிந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைத் தம்பிக்கு விளக்கப் போய், அவன் தேநீர் போட எழுந்து போய்விட்டான். 1979-இல் விசிகால்க் என்ற விரிதாள் வந்தபோது, அதை வடிவமைத்த டான் பிரிக்ளின் தீர்க்க நினைத்ததும் இதைத்தான். கரும்பலகையில் ஒரு எண்ணை மாற்றினால் அதைத் தொடர்ந்து வரும் எல்லாவற்றையும் அழித்தெழுத வேண்டிய தொல்லை.

வீட்டு ஷீட்டிலும் இந்தச் சிவப்புதான் குடும்பத்தைக் காப்பாற்றுகிறது. காப்பீடு, உத்தரவாதம், வண்டிச் சான்று எல்லாவற்றுக்கும் முடியும் தேதி போட்டு, முப்பது நாளுக்கு முன்பே நிறம் மாறும்படி வைத்திருக்கிறேன். வீட்டில் யார் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான். நான்கு வருடத்தில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. தேதியைத் தேதியாக அடித்தால் இது தங்கமான பிள்ளை.

ஒரு விஷயம் போனபோக்கில்: உத்தரவாத ஷீட்டில் பொருளின் வரிசை எண்ணை அடிக்கும்போது எச்சரிக்கை. விரிதாள் பதினைந்து இலக்கம் வரைதான் எண்ணைச் சரியாக வைத்திருக்கும். பதினாறு இலக்கம் அடித்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். ஒரு பழுது பார்க்கும் இடத்தில் என் எண்ணை ஏற்க மறுத்துவிட்டார்கள்; பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிப் பார்த்தால், ஏழில் முடிகிற எண் என் ஷீட்டில் பூஜ்யத்தில் முடிகிறது. எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்று போட்டுவிட்டு அடித்தால் அப்படியே விட்டுவிடும்.

தேதித் தொல்லைக்கு மருந்தே இல்லையா என்றால், அரைகுறையாக உண்டு. 2023-இல் எக்செல்லில் தானியங்கி மாற்றங்களை நிறுத்தும் அமைப்பு வந்தது. முன்னால் வரும் பூஜ்யத்தை விழுங்குவதையும் நீண்ட எண்ணைச் சிதைப்பதையும் அதில் நிறுத்தலாம். தேதிக்கும் ஒரு தெரிவு உண்டு, ஆனால் அது எழுத்தும் எண்ணும் ஒட்டி வருவதற்கு மட்டும். நடுவில் கோடு போட்ட 8-10 அதில் அடங்காது. லிப்ரே ஆபிஸ் என்ற இலவசத் தொகுப்பில் எந்த வடிவத்தைத் தேதியாக ஏற்பது என்று ஒரு பட்டியலே இருக்கிறது, நாமே திருத்தலாம். இதையெல்லாம் நான்கு வருடத்து ஆர்டரும் குவிந்த பிறகு தெரிந்துகொண்டு என்ன பயன்?

அளவை இரண்டாகப் பிரித்தும் பிரச்சினை முழுசாகத் தீரவில்லை. ஏனென்றால் வாய் பிரிக்க மாட்டேன் என்கிறது. எட்டுக்குப் பத்து என்பது எங்களுக்கு ஒரே சொல், ஒரே மூச்சு. கையும் அப்படியே 8-10 என்று முதல் கட்டத்தில் அடித்துவிடுகிறது. வாடிக்கையாளர்கள் செய்தியில் அனுப்புவதை நகலெடுத்து ஒட்டினாலும் அதே கதி. "தேதியா அளவா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடும்? சேமிக்காமல் மூடினால் மட்டும் சேமிக்கவா என்று கேட்கத் தெரிகிறதே.

நண்பனுக்கு என்ன சொன்னேன் என்றால், வேண்டாம் என்றேன். மேலே சொன்ன கட்டைக் கணக்கையும் சிவப்புக் கட்டத்தையும் அரை மணி நேரம் புகழ்ந்துவிட்டுத்தான் வேண்டாம் என்றேன். நல்ல தடிமனான நோட்டு ஒன்று வாங்கு, எட்டுக்குப் பத்து என்று எழுதினால் பத்து வருடம் கழித்தும் எட்டுக்குப் பத்தாகவே இருக்கும் என்றேன். "அப்ப நீ மட்டும் ஏன் விடல?" என்று கேட்டான். அடுத்த மாதம் கேட்டிருந்தால் ஒருவேளை வாங்கு என்றே சொல்லியிருப்பேன். இந்த மாதம் முடியாது.

அவன் கேட்கிற ஆள் இல்லை, எப்படியும் வாங்கத்தான் போகிறான். அதனால் ஒன்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்: முதல் எழுத்தை அடிப்பதற்கு முன்பே அளவு நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து 'எழுத்து' என்று வகை மாற்று, அடித்த பிறகு மாற்றினால் 45938தான். நானும் அந்தப் பழைய அவசர ஷீட்டை மாற்ற வேண்டும். இன்னும் மாற்றவில்லை. இப்போதைக்கு, காலையில் அச்செடுத்ததும் அளவுகளை மட்டும் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் கையாலேயே எழுதிவிட்டு ஒட்டுகிறேன்.