குறட்டைக்கு மெஷின்: நாலு வருஷ அனுபவம்

எனக்கு வயசு 54. திருநகரில் வீடு, டீச்சர் வேலை. தூக்கத்தில் மூச்சு நின்றுபோகாமல் மாஸ்க் வழியாகக் காற்றை ஊதுகிற சிபாப் மெஷின் மாட்டித் தூங்க ஆரம்பித்து இந்த ஆடியோடு நாலு வருஷம்.

பொம்பளை குறட்டை விடுகிறாள் என்றால் எவ்வளவு கூச்சம்! கல்யாண வீட்டில் ராத்தங்க நேர்ந்தால் விடிய விடிய உட்கார்ந்தே இருந்திருக்கிறேன். காலையில் தலைவலி, பகலெல்லாம் அசதி. ரத்தச்சோகை என்று இரும்பு மாத்திரை சாப்பிட்டேன். பிரஷருக்கு இரண்டு மாத்திரை போட்டும் இறங்கவில்லை. குறட்டையை மட்டும் எந்த டாக்டரிடமும் சொன்னதில்லை. ஒரு ராத்திரி மகள் என்னை உலுக்கி எழுப்பினாள். "அம்மா, குறட்டை நின்னுச்சு, கூடவே மூச்சும் நின்னுருச்சும்மா" என்று அழுதாள். அதைச் சொன்னதும்தான் ஸ்லீப் டெஸ்டுக்கு எழுதினார்கள். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு இப்படித் தூக்கத்தில் மூச்சு நிற்பது கூடுமாம், அன்றுதான் தெரியும்.

உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி படுத்தேன். மணிக்கு 34 தடவை, ஒவ்வொரு தடவையும் 10 விநாடிக்குக் குறையாமல், மூச்சு நின்றோ சுருங்கியோ போயிருக்கிறது. 30 ஆனாலே தீவிரம். தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து வழியை அடைக்கிறது. மெஷின் காற்றை அழுத்தி அதைத் திறந்தே வைக்கிறது.

முதலில் வாயும் மூக்கும் மூடுகிற மாஸ்க். காற்று கசிந்து கண்ணெல்லாம் எரிந்தது. இரண்டு மாதம் பாதி ராத்திரியில் கழற்றி எறிந்தேன். மூக்குக்கு மட்டுமான மாஸ்க் வந்த பிறகே நிம்மதி. மெஷினைவிட மாஸ்க்தான் முக்கியம், போட்டுப் படுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். வார் பின்னந்தலையில் அழுத்துவதால் மல்லிகைப்பூவைக் கழற்றிவிட்டுத்தான் மாட்டுகிறேன்.

காற்றை ஈரமாக்க மெஷினில் ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி உண்டு. எங்கள் போர் தண்ணீர் உப்பு. தொட்டியில் வெள்ளையாகப் படிந்துவிடும். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுகிறேன். ரோட்டுத் தூசியில் ஃபில்டர் சீக்கிரமே கறுத்துவிடுகிறது. கரண்ட் போனால் இன்வெர்ட்டர். சித்திரை, வைகாசியில் தொட்டித் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டரை அணைத்துவிடுவதால் தாங்குகிறது. சளி பிடித்தால்தான் இன்றும் பாடு.

தலைவலி ஒரு மாதத்தில் போனது. பிரஷர் மாத்திரையில் ஒன்றை டாக்டரே குறைத்தார். ஆனால் இது நோயை அறுத்துவிடாது. உசிலம்பட்டிப் பக்கம் குலதெய்வம் கும்பிடப் போய் மூன்று ராத்திரி மெஷின் இல்லாமல் படுத்தேன், தலைவலி திரும்பி வந்துவிட்டது.

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் எல்லோருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தூங்கினேன். காலையில் பெரியம்மா ஒருத்தர் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கும் அப்படித்தான் திணறுது தாயி, நீ எங்க காட்டுன?" என்றார். வர்ற வியாழக்கிழமை அவருக்கு டெஸ்ட். கூட நான் போகிறேன்.