விடுமுறையில் மூக்கு அறுவை: முன்பக்கம் என்ன மாறும், எப்போது மாறும்?

அழகுக்காகச் செய்யும் மூக்கு அறுவைக்கு ஆலோசனை கேட்கப் போனால், கணினித் திரையில் முதலில் காட்டுவது பெரும்பாலும் பக்கவாட்டுப் படத்தைத்தான். மூக்குத் தண்டின் மேடு மறைகிறது, நுனி எழும்புகிறது, பார்த்தவுடன் மனம் ஒப்பிவிடும். ஆனால் கண்ணாடியில் நாம் பார்ப்பதும், எதிரே இருப்பவர் பார்ப்பதும் முன்பக்கம். பக்கவாட்டில் 2 மி.மீ. குறைந்தால் பளிச்சென்று தெரியும். முன்பக்கத்தில் அதே 2 மி.மீ., ஒளியும் நிழலும் விழும் விதத்தில்தான் தெரியவரும். அதுவும் கடைசியாக. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊர் வந்து செய்துகொள்பவர் அதற்குள் விமானம் ஏறிப் போயிருப்பார். அதனால் முன்பக்கப் படத்தையும் வைத்துப் பேசும்படி முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

மருத்துவர் முன்பக்கத்தில் பார்ப்பது இரண்டு கோடுகளை. புருவத்தின் உள்முனையில் தொடங்கி, மூக்கின் இரு பக்கமும் மெல்ல வளைந்து, நுனியில் முடியும் நிழல் விளிம்புகள் அவை. இரண்டும் உடையாமல் ஒரே சீராக ஓடினால், மூக்கு சற்று அகலமாக இருந்தாலும் கண்ணுக்கு உறுத்தாது. எலும்புப் பகுதியின் அடி அகலம், மூக்கு மடல்களின் (துளைகளின் வெளிச்சுவர்கள்) அகலத்தில் சுமார் 75 முதல் 80 விழுக்காடு இருப்பது பொதுவான கணக்கு. மடல்களின் அகலம் இரு கண்களின் உள்மூலைகளுக்கு இடையிலான தூரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. அது ஐரோப்பிய முகங்களை வைத்து எழுதிய விதி. தெற்காசிய முகங்கள் பலவற்றில் மடல்கள் இயல்பாகவே அதைத் தாண்டும். அந்த அளவுக்கு வெட்டிக் குறைத்தால் மூக்கு முகத்தோடு ஒட்டாது.

மேட்டைச் சீவி எடுத்ததும் பக்கவாட்டில் அழகாகிவிடும். முன்பக்கத்தில் மூக்கு அகன்று தட்டையாகத் தெரியும். மேடு இருந்த இடம் கூரை பிரித்த வீடுபோலத் திறந்து கிடப்பதுதான் காரணம். அதை மூட, பக்க எலும்புகளை அடியில் அறுத்து உள்ளே நகர்த்துகிறார்கள். சிறு மேடாக இருந்து அதை மட்டும் அரத்தால் தேய்த்தால் இது தேவைப்படாமலும் போகலாம். எலும்புக்குக் கீழே, நடுப்பகுதிக் குருத்தெலும்பு தாங்கல் இழந்து உள்வாங்கினால், எலும்பு முடியும் விளிம்பு தலைகீழ் ‘வி’ வடிவ நிழலாக முன்னால் தெரியும். மூச்சுப் பாதையும் அங்கேதான் மிகக் குறுகலானது என்பதால் மூச்சும் அடைக்கும். இதைத் தடுக்க, இரு துளைகளையும் பிரிக்கும் நடுச்சுவரிலிருந்து எடுத்த மெல்லிய குருத்தெலும்புப் பட்டைகளை இரு பக்கமும் வைத்துத் தைப்பார்கள். “மேட்டை எடுத்த பிறகு நடுப்பகுதியை எப்படித் தாங்குவீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். தெளிவான பதில் வராவிட்டால் வேறு மருத்துவரிடம் போவது நல்லது.

அடுத்தது நுனி. உருண்டையாகத் தெரியும் நுனியில் குருத்தெலும்பை வெட்டுவதைவிடத் தையலால் வளைத்து ஒடுக்குவதுதான் இன்றைய வழக்கம். வெட்டினாலும் குறைந்தது 6 மி.மீ. அகலப் பட்டையாவது மிஞ்ச வேண்டும். அதற்கும் குறைந்தால் சில ஆண்டுகளில் நுனி கிள்ளி வைத்ததுபோல ஒடுங்கும், மடல்கள் மூச்சிழுக்கும்போது உள்ளே ஒட்டும். நுனியை அளவு மீறித் தூக்கினால் எதிரே நிற்பவருக்கு நாசித்துளைகள் தெரியும். நுனியை முன்னோக்கி நீட்டினாலே மூக்கின் அடி ஓரளவு குறுகும் என்பதால், மடல் குறைப்பை அறுவையின் கடைசியில்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு பக்கம் சில மி.மீ. போதும். கூடுதலாக வெட்டியதைத் திரும்பக் கொண்டுவருவது மிகக் கடினம். தழும்பு மடலும் கன்னமும் சேரும் மடிப்பில் ஒளிந்துகொள்ளும்.

உள்ளே எவ்வளவு நுட்பமாகச் செய்தாலும் வெளியே காட்டுவது தோல். தடித்த, எண்ணெய்ப் பசையுள்ள தோலில் நுனி வீக்கம் வடிய ஓராண்டு, சிலருக்கு 18 மாதம்கூட ஆகும். மெல்லிய தோல் விரைவில் படியும். சிறு மேடுபள்ளத்தையும் மறைக்காது. வடியாத வீக்கத்துக்குச் சில மருத்துவர்கள் ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். அளவு மிஞ்சினால் தோல் மெலிந்து குழி விழும். நீங்கள் வசிக்கும் நாட்டில் அதைப் போட யார் இருக்கிறார்கள் என்று கிளம்பும் முன்பே யோசியுங்கள்.

விடுமுறை 3 வாரத்துக்குக் குறைந்தால் இந்த வேலையைத் தொடாதீர்கள். 4 வாரம் இருந்தால் நிம்மதி. அறுவை முதல் வாரத்திலேயே நடக்க வேண்டும். மூக்கின் மேல் வைக்கும் ஸ்பிளிண்ட் என்ற தாங்கு கட்டையும் வெளித்தையலையும் 5 முதல் 7 நாளில் எடுப்பார்கள், கண்ணுக்குக் கீழ் வரும் கன்றல் மறைய 10 முதல் 14 நாள் ஆகும். விமானப் பயணத்துக்கும் பொதுவாக அதே அளவு நாள் கழித்துத்தான் அனுமதி. ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன், மீன் எண்ணெய் மாத்திரைகளை எப்போது நிறுத்துவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். இதய நோய்க்காக ஆஸ்பிரின் எடுப்பவர் தானாக நிறுத்தவே கூடாது. புகைப்பவர் 4 வாரம் முன்பே விட வேண்டும். மூக்குக் கண்ணாடியின் பாரம் 4 முதல் 6 வாரம் மூக்கில் படக்கூடாது; அதற்குள் எலும்பு நகர்ந்துவிடலாம்.

முதல் சில நாளில் இரு துளையும் சேர்ந்து அடைத்து, துடிக்கும் வலியும் வந்தால் காத்திருக்காமல் ஓடுங்கள். நடுச்சுவரில் ரத்தம் கட்டியிருக்கலாம். வடிக்காமல் விட்டால் சில நாளில் குருத்தெலும்பு செத்து, மூக்கு நடுவில் அமிழ்ந்து அகன்றுவிடும்.

வசிக்கும் நாட்டுக்குத் திரும்பியபின் எடுக்கும் செல்ஃபியை வைத்து முடிவுக்கு வராதீர்கள். 30 செ.மீ. தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு சுமார் 30 விழுக்காடு கூடுதல் அகலமாகத் தெரியும். ஒன்றரை மீட்டர் தள்ளி இன்னொருவர் ஜூம் செய்து, நேர் ஒளியில் எடுக்கட்டும். அறுவைக்கு முன் எடுத்த படமும் அதே தூரத்தில் இருந்தால்தான் ஒப்பிட முடியும். 1, 3, 6, 12 மாதங்களில் இப்படி எடுத்து மருத்துவருக்கு அனுப்புங்கள். அறுவைக் குறிப்பின் நகலும், செயற்கைப் பொருள் ஏதேனும் வைத்திருந்தால் அதன் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரும் கையில் இருக்கட்டும். மறு அறுவை தேவைப்பட்டால் அதைச் செய்யும் மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான். மறு அறுவையும் ஓராண்டு முடிந்த பிறகே.